ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் கழித்து

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். மூன்று நாள் யோசித்தேன். எந்த கமாண்டை எப்போது போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ரைஸ் மில் ரிஜிஸ்டர்களைக் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுக்க வந்தேன். பிறகு போனில் வரும் கம்ப்ளைன்டுகளை எழுதினேன். ஒருநாள் ஆள் பற்றாக்குறையில் "நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று அனுப்பினார்கள். அப்படியே சர்வீஸ் ஆளாகிவிட்டேன். உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் பெரிய பாடம் கிடையாது. நான் எங்கெங்கே தப்புச் செய்தேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதில் ஒன்று ஒரு மனிதரின் பிழைப்பில் போய் விழுந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் பயப்படுகிறவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் தப்பே அதிலிருந்து வந்ததுதான். தாராசுரத்தில் பஸ் ஏறிப் பாதி வழியில், கேஸை அணைத்தோமா என்று இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். ஒருமுறை இல்லை, பலமுறை. ஒவ்வொரு முறையும் அணைத்துத்தான் இருக்கும்.

சர்வீசுக்குப் போன புதிதில் ஒரு மில் கம்ப்யூட்டரில் மெமரி எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று காட்டியது. உடனே ஆபீசுக்குப் போன் போட்டேன். அப்போது எங்களுக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். பேரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன்.

"மெஷின் ஓடுதா?" என்றார்.

"ஓடுது சார்."

"அப்ப ஏம்மா அழுவுற?"

"மெமரியில காலி இடமே இல்ல சார்."

"சீசன்ல குடோன் காலியா கெடந்தா முதலாளி சந்தோஷப்படுவாரா? சும்மா கெடக்குற இடத்துல ஆபரேட்டிங் சிஸ்டம் அடிக்கடி படிக்கிற ஃபைலயெல்லாம் அடுக்கி வச்சுக்கும். யாராவது கேட்டா ஒதுக்கிக் குடுத்துடும். காலியா எவ்வளவு இருக்குன்னு பாக்காத. கேட்டா எவ்வளவு கெடைக்கும்னு பாரு. பக்கத்துலயே அந்த எண் இருக்கு."

இருந்தது. நிறையவே இருந்தது. அன்றைக்கு நான் கற்றது நல்ல பாடம்தான். ஆனால் அதோடு கூடவே அவர் சொல்லாத இன்னொன்றையும் நானாகக் கற்றுக்கொண்டேன். என் பயம் எப்போதும் பொய்யாகத்தான் இருக்கும் என்று. அதற்குப் பிறகு, பயம் வராதபடி வேலையை அமைத்துக்கொள்ளப் பழகினேன். இது எவ்வளவு கெட்ட பழக்கம் என்று தெரிய எனக்கு வெகு காலம் ஆயிற்று.

குடவாசல் பக்கத்தில் ஒரு மில். பெயர் வேண்டாம். அங்கே நான்கு ட்ரையர் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரத் தகரக் கூண்டு. ஈர நெல்லை மேலே ஏற்றி, உமி அடுப்பின் சூட்டுக் காற்றைக் கீழேயிருந்து விடுவார்கள். சூடு அளவுக்கு மேல் போனால் சைரன் அடிக்கும். அடித்ததும் ட்ரையர் ஆபரேட்டர் ஓடிப்போய் அடுப்பைத் தணிக்க வேண்டும். சூட்டைக் கவனித்து சைரனை அடிக்க வைக்கிற கம்ப்யூட்டர் நாங்கள் போட்டுக் கொடுத்தது.

அந்த சைரன் புரோகிராம் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடுகிற ட்ரையர்கள் எல்லாவற்றின் சூட்டையும் நொடிக்கு நொடி வாங்கி மெமரியில் சேர்த்துக்கொண்டே போகும். மணி அடிக்கும்போது, ஒன்று, இரண்டு, மூன்று என்று சரியாக முழு மணியில், சேர்த்த அத்தனையையும் டிஸ்கில் எழுதிவிட்டு மெமரியைக் காலி செய்யும். மறுபடி முதலிலிருந்து சேர்க்கும். இவ்வளவுதான்.

மெமரி எப்படி இருக்கிறது என்று அந்த மெஷினே அவ்வப்போது ஒரு வரி எழுதி வைக்கும்படி நான் செய்திருந்தேன். ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. அதை வைத்து ஒரு படம் போட்டுப் பார்த்தேன். கோடு அரம்பம் மாதிரி பல் பல்லாக ஏறி ஏறி இறங்கியது. பார்த்ததும் பயந்துபோனேன். பழைய ஞாபகம் வந்தது. எல்லாம் வீண் பயம், மணிக்கு மணி எழுதுகிற வேலையால் எண் குதிக்கிறது, மெஷின் அமைதியாக இருக்கும்போது எடுத்தால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் கழித்து ஒரே ஒரு வரி என்று மாற்றினேன். கோடு நூல் பிடித்த மாதிரி ஆயிற்று. மாதாமாதம் சராசரி போட்டு, படத்தோடு மில்லுக்குக் கொடுத்தேன். எல்லோருக்கும் திருப்தி. எனக்கும் நிம்மதி.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைச்சல். குறுவை அறுப்பு நேரத்தில் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வந்த நெல்லெல்லாம் ஈரம். எப்போதும் இரண்டு ட்ரையர் ஓடுகிற மில்லில் நான்கையும் ஓட்டினார்கள். முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு நான்காவதையும் கிளப்பினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்றாம் நம்பர் ட்ரையரில் சூடு ஏறி ஒரு கூண்டு நெல்லும் கருகிப்போனது. பொரி வாசனை களம் முழுக்க அடித்ததாகச் சொன்னார்கள்.

அன்றைக்கு ஆபரேட்டர் கலியபெருமாள். ஐம்பது வயதிருக்கும். பதினோரு வருஷமாக அதே மில்லில் ட்ரையர் பார்க்கிறவர். நடந்தது இது. இரண்டே முக்கால் மணி தாண்டி நெல் கருகத் தொடங்கியிருக்கிறது. சைரன் அடிக்கவில்லை. கலியபெருமாள் முதல் ட்ரையரில் நெல் இறக்கிக்கொண்டிருந்தார். சரியாக மூன்று மணிக்கு சைரன் அடித்தது, ஓடினார், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சைரனுக்குச் சுவரில் ஒரு சுவிட்ச் உண்டு. காது கிழிகிற சத்தம் என்பதால் சிலர் அதை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள், வேறு மில்களில். அதனால் மேனேஜருக்குக் கதை தயாராக இருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கினான், வாசனை வந்ததும் எழுந்து மறுபடி போட்டான்.

மறுநாள் காலையில் என்னை வரச்சொன்னார்கள். போனதும் நான் செய்த முதல் காரியம் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தது. ஏன் செய்தேன்? பழக்கம். கை அங்கேதான் போகும். ரீஸ்டார்ட் செய்தால் எதுவானாலும் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பழைய பெட்டியில், ஆபரேட்டிங் சிஸ்டம் தனக்கு என்ன நடந்தது என்று எழுதி வைக்கிற லாக்கும் மெமரியில்தான் இருந்தது. நான் பட்டனை அழுத்தியதும் அது அழிந்தது. முந்தின நாள் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அது.

பிறகு பதிவுகளைப் பார்த்தேன். இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் மெமரி ஏராளம். மூன்று மணி ஐந்து நிமிடத்திலும் ஏராளம். சூட்டுக் கணக்கில் மட்டும் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஒரு வரி கூட இல்லை. சுவிட்சை அணைத்திருந்தால் இதுவும் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சோதித்துப் பார்க்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் குறை எதுவும் இல்லை. மெமரி நாள் முழுவதும் சீராக இருந்தது. சூட்டுப் பதிவு ஒரு மணி நேரம் நின்றிருப்பது, சைரன் சுவிட்ச் அணைக்கப்பட்டதைக் காட்டுகிறது. கம்பெனி முத்திரை குத்தினேன்.

மேனேஜர் அதைக் களத்துக்கு எடுத்துப்போய், லோடுமேன்கள், லாரி டிரைவர்கள் எல்லோரும் கேட்கும்படி வாசித்தார். நான் ஆபீஸ் வாசலில் நின்றேன்.

"கேட்டுக்கிட்டியாய்யா? மெஷின் பொய் சொல்லாது."

"நான் அணைக்கல சார்" என்றார் கலியபெருமாள்.

"அப்ப பேய் வந்து அணைச்சுச்சா?"

ஒருவர் சிரித்தார். கலியபெருமாள் என் பக்கம் பார்த்தார். கோபமாக இல்லை, நான் ஏதாவது சொல்வேன் என்பது போல. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

வேலை போன பிறகு அவர் குத்தாலத்தில் ஒரு மில்லில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். சைரனை அணைத்துவிட்டுத் தூங்குகிற ஆள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மில்காரர்களுக்குள் பேச்சு அவ்வளவு வேகமாகப் போகும். டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் காலியான ஒரு மணி நேரம் என்னை விடவே இல்லை. கேஸை அணைத்தோமா என்று வருகிற பயம்தான் இதுவும், வீண் பயம்தான் என்று நான்கு நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் விசாரித்துக்கொண்டு அவர் ஊருக்கே போய்விட்டேன். வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். குத்தகைக்கு எடுத்த கொஞ்ச நிலம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். இன்னும் ஏதாவது எழுத வேண்டியிருக்கா?"

"ஒரு சந்தேகம். அந்த ஒரு மணி நேரம் சூட்டுக் கணக்கு பதிவாகவே இல்ல. சுவிட்ச அணைச்சாத்தான் அப்படி ஆகும்னு நெனச்சு எழுதிட்டேன்."

"அணைச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

மண்வெட்டியைக் கரையில் ஊன்றினார். "பதினோரு வருஷமா அந்தச் சுவிட்சு பக்கத்துல நிக்கிறேன். அத அணைச்சா சத்தம் மட்டுந்தான் நிக்கும். கம்ப்யூட்டர் டிவியில சூட்டு நம்பரு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். இத எங்கிட்ட யாருமே கேக்கல. எல்லாரும் கம்ப்யூட்டர்கிட்ட போயி கேட்டீங்க."

வாய்க்காலைப் பார்த்தேன். கரை தளும்பத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "கடைமடை வரைக்கும் தண்ணி நல்லா வருதே" என்றேன்.

"தண்ணி விடுற முறை அன்னிக்கு வந்திருக்கீங்க, வராம என்ன? நாளான்னிக்கு வந்து பாருங்க, இதுக்குள்ள ஆடு மேயும். பாக்க வர்றவங்க எல்லாருமே முறை நாளாப் பாத்துத்தான் வர்றாங்க. பாத்துட்டு, தண்ணி நெறைய இருக்குன்னு எழுதிக்கிட்டுப் போயிடறாங்க."

அவர் தண்ணீரைப் பற்றித்தான் சொன்னார். வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மணி அடித்ததும் மெமரி காலியாகிறது. ஐந்து நிமிடம் கழித்து நான் போய்ப் பார்க்கிறேன். இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும், முறை அன்றைக்கே வந்து பார்த்துவிட்டு, நிறைய இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். நடுவில் ஐம்பத்தைந்து நிமிடம் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது கூட உண்மை இல்லை. ஆரம்பத்தில் அந்தப் பல் பல்லான கோட்டைப் பார்த்தேன் அல்லவா? பயந்து, பயம் வராத நிமிடத்தை நானே தேர்ந்தெடுத்தேன்.

"என்ன மேடம், மயக்கமா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

"உங்களுக்கு நான் அநியாயம் பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன்" என்றேன்.

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

"இன்னும் தெரியல."

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். முதலில் சைரனை அடிக்க வைத்து, அந்தச் சுவிட்சை அணைத்தேன். சத்தம் மட்டும் போயிற்று. திரையில் சூட்டுக் கணக்கு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிடத்தை நான் முன்பே செலவழித்திருந்தால் அந்தத் தாளை யாரும் களத்தில் வாசித்திருக்க மாட்டார்கள்.

மெமரியை நிமிடத்துக்கு நிமிடம் பதிய வைக்கலாமா என்று ஆபீசில் கேட்டேன். சீசன் நேரத்தில் செட்டிங் எதையும் தொடாதீர்கள் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். திரையில் கண்ணால் பார்க்கத் தடையில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. எண் மோசமாகும்போதெல்லாம் என் கை பேனாவைத் தேடியது. நன்றாக இருக்கும்போது, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தது. அன்றைக்குப் பயம் வேண்டாம் என்று நல்ல நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். இன்றைக்கு அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று கெட்ட நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். இரண்டும் ஒரே தப்புத்தான். தேர்ந்தெடுக்கிறது நானாக இருக்கிறவரை அந்த நோட்டுக்கு மதிப்பில்லை. நிமிடத்தை வேறு யாராவது சொல்ல வேண்டும், அதைச் சொல்கிறவருக்கு இந்த விஷயமே தெரிந்திருக்கக் கூடாது.

வாசலில் லாரிகள் வந்துகொண்டிருந்தன. உள்ளே வருகிற ஒவ்வொரு லாரியின் நம்பரிலும் கடைசி இரண்டு எண்ணை எடுத்துக்கொண்டேன். இருபத்தேழு என்றால், அடுத்து வருகிற இருபத்தேழாவது நிமிடத்தில் திரையைப் பார்த்து, என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுதுவது. அறுபதும் அதற்கு மேலும் என்றால் அந்த லாரியை விட்டுவிடுவது. களத்தில் பெஞ்சு போட்டு நான் லாரி நம்பரைக் குறிக்கிறதைப் பார்த்து லோடுமேன்களுக்கு ஒரே சிரிப்பு.

"மேடம் ஆர்டிஓ ஆபீஸ்ல சேந்துட்டாங்கடோய்!"

"எங்கண்ணன் வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சிருச்சு மேடம், அத எழுதாதீங்க!"

சிரிக்கட்டும் என்று இருந்தேன். மூன்று நாள் எழுதினேன். அந்த எண்களை மணிவாரியாக அடுக்காமல், மணி அடித்து எத்தனையாவது நிமிடம் என்று பார்த்து அடுக்கினேன். தெளிவாக இருந்தது. முதல் நிமிடங்களில் தாராளம், கடைசி நிமிடங்களில் நெருக்கடி. இரண்டு ட்ரையர் ஓடும்போது ஐம்பது நிமிடத்துக்கு மேல் பாதி மெமரி போயிருந்தது. மூன்று ஓடும்போது முக்கால். நான்கு ஓடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்கே முடிந்தது. மணி அடிக்கும் முன்பே தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் செய்து பார்த்தேன். அந்த எண்கள் எல்லாவற்றுக்கும் சராசரி போட்டேன். சராசரி அப்போதும் நல்லபிள்ளையாகத்தான் இருந்தது. மாதாமாதம் நான் கொடுத்துவந்த அறிக்கையில் அதைத்தானே பெரிய எழுத்தில் போட்டேன். மெஷின் சராசரியில் சாகிறதில்லை. ஒரு நிமிடத்தில் சாகிறது.

மெமரி தீர்ந்தால் என்ன நடக்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். மொத்தமும் முடங்காமலிருக்க ஆபரேட்டிங் சிஸ்டம் தானாக ஒரு முடிவெடுக்கும். பெரும்பாலும், அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற புரோகிராமைப் பார்த்து நிறுத்திவிடும். அங்கே அதிக இடம் பிடித்தது எது? ஒரு மணி நேரச் சூட்டையும் சுமந்துகொண்டிருந்த சைரன் புரோகிராம். நின்றுபோனதைத் திரும்பக் கிளப்புகிற காவல் புரோகிராம் ஒன்று உண்டு. அது முழு மணிக்குத்தான் சுற்றிப் பார்க்கும். அதனால்தான் மூன்று மணிக்குச் சைரன் அடித்தது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை.

மில் முதலாளியிடம் போய், நான்கு ட்ரையரையும் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

"ஏம்மா, இன்னொரு லோடு நெல்லயும் பொரியாக்கணுமா?"

"ட்ரையருக்கு ஒரு ஆள், கையில சூட்டு மீட்டரோட நிக்கட்டும் முதலாளி. சைரன நம்ப வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்."

"கலியபெருமாள் உனக்கு உறவா?"

"இல்லைங்க. அவர் மேல நான் எழுதினது தப்பா இருக்கும்னு பயமா இருக்கு."

"சரி, ஓட்டு" என்றார்.

காலை பதினோரு மணிக்கு நான்கும் ஓடத் தொடங்கின. முதலாளி ஒரு நாற்காலியில், மேனேஜர் என் பின்னால். கேட்டால் கிடைக்கும் என்கிற எண் இறங்கிக்கொண்டே வந்தது. நாற்பது நிமிடம் தாண்டியது. மெஷின் இழுத்துக்கொண்டு ஓடியது. திடீரென்று திரையில் சூட்டு எண்கள் அப்படியே நின்றன. இரண்டாம் நம்பர் ட்ரையரிலிருந்து ஒருவர், "இங்க ஏறிக்கிட்டிருக்கு!" என்று கத்தினார். திரையில் ஏறவில்லை.

என் கை ரீஸ்டார்ட் பட்டனுக்குப் போய்விட்டது. பொய் சொல்லவில்லை, விரல் பட்டனைத் தொட்டுவிட்டது. இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு மெதுவாக லாக்கைத் திறந்தேன். மெமரி தீர்ந்தது, இன்ன புரோகிராம் நிறுத்தப்பட்டது என்று ஒரே ஒரு வரி. மேனேஜரைக் கூப்பிட்டு, விரலை வைத்து வாசித்துக் காட்டினேன்.

அவர் லேசில் விடுகிறவர் இல்லை. "சரி மேடம், இன்னிக்கு நடந்துச்சு. அன்னிக்கும் இதான் நடந்துச்சுன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்விதான். "அன்னிக்கு லாக்குல இருந்தத நான்தான் அழிச்சேன் சார். வந்ததும் ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். அதனால முழு நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா இத மட்டும் பாருங்க."

பன்னிரண்டு மணி வரை காத்திருந்தோம். காவல் புரோகிராம் சைரன் புரோகிராமை எழுப்பியது. சூட்டுக் கணக்கைத் திறந்தேன். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு வரி கூட இல்லை. மெமரியில் சேர்த்தது எழுதப்படுவதற்கு முன்பே போய்விட்டது. அன்றைக்கு இருந்த அதே காலி இடம். சுவிட்சை அணைத்து இப்படி ஒரு காலி இடத்தை உண்டாக்கவே முடியாது என்பதையும் அணைத்துக் காட்டினேன்.

முதலாளி எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். "அவனக் கூப்ட்டு அனுப்புய்யா" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

சாயங்காலம் எங்கள் ஆபீசிலிருந்து போன். என் முதலாளி நல்லவர்தான். "அக்கா, புரோகிராம மாத்திக் குடுத்துடுவோம். அந்த ஆளையும் திரும்பச் சேத்துக்கறாங்க. அப்பறம் எதுக்கு எழுத்துல? நாலு மில்லுக்குத் தெரிஞ்சா நம்ம பேரு என்னாவறது?"

ரிடையர் ஆக எனக்கு இரண்டு வருஷம் இருந்தது. எப்போதும் பயப்படுகிறவளுக்கு இதில் பயமில்லாமல் இருக்குமா? ஆனால் எழுதாமல் விட்டால், அவரைச் சேர்த்துக்கொண்டது இரக்கம் என்று ஆகும். தூங்கினவனை மன்னித்துச் சேர்த்தார்கள் என்று ஆகும். நான் எழுதியது எழுத்தில் இருக்கிறது. அதை எழுத்துத்தான் அழிக்க முடியும். "எழுதித்தான் ஆகணும் தம்பி" என்றேன். "உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் களத்தில், அதே இடத்தில், நானே வாசித்தேன். என் முதல் அறிக்கை தவறு. மெமரியை அது நன்றாக இருக்கிற நேரத்தில் மட்டுமே பார்த்தேன். சுவிட்சைச் சோதிக்காமல் எழுதினேன். லாக்கை என் கையால் அழித்தேன். சைரன் அடிக்காமல் போனதற்குக் காரணம் எங்கள் புரோகிராம் என்றே எல்லாம் காட்டுகிறது. ஆபரேட்டர் சுவிட்சை அணைத்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. கலியபெருமாள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"நாளையிலேருந்து வந்துடுய்யா" என்றார் முதலாளி.

"வேணாம் முதலாளி."

"என்னய்யா, அதான் எல்லாம் சரியாப்போச்சே?"

"கோவமில்லீங்க. இனிமே இங்க சைரன் அடிச்சாலும் அடிக்கலன்னாலும் எல்லாரும் முதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. அது என்னால ஆவாது." பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், அந்தக் காயிதத்துல எனக்கு ரெண்டு ஜெராக்ஸ் வேணும். ஒண்ணு குத்தாலத்து மில்லுல குடுக்கணும்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, கையெழுத்து இருந்த இடத்தை உற்றுப் பார்த்தார்.

"இது யாருன்னு தெரியலையே. கீழ உங்க பேர முழுசா எழுதுங்க. போன் நம்பரும் போடுங்க. அவங்க கேட்டா நான் சொல்லி நம்ப மாட்டாங்க. நீங்கதான் சொல்லணும்."

எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

இரண்டு நாள் கழித்து, கும்பகோணம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நீங்கதான் குடவாசல் மில்லு கம்ப்யூட்டர் மேடமா? கலியபெருமாள்னு ஒருத்தர் காயிதம் கொண்டாந்திருக்காரு. இதுல எழுதியிருக்கறது நெசமா? இல்ல, ஆளு பாவம்னு எழுதிக் குடுத்ததா?"

பஸ் இரைச்சலில் மெதுவாகப் பேசினால் கேட்காது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"நெசந்தாங்க. தப்பு என்னோடது. அவரோடது இல்ல."

"கேக்கலம்மா, இன்னொருக்கா சொல்லுங்க."

"தப்பு நான் பண்ணதுங்க!" என்று கத்தினேன். "அவர் பண்ணல!"

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ பேசினார்கள். பிறகு அந்தக் குரல், போனை வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, "சரிய்யா, சைக்கிள அந்த ஓரமா நிறுத்திட்டு உள்ள வா" என்று சொல்வது கேட்டது.